குண்டின் பெயர் கொண்ட குதிரை: ஒரு நகைச்சுவைத் திரைக்கதையாளரின் பாதை

இது ஜப்பானில் நடந்த கதை. நடுவில் இருப்பவர் அனிமே (ஜப்பானிய அசைபடம்) தொடர்களுக்கு நகைச்சுவைத் திரைக்கதை எழுதுபவர். மனிதர்கள் யாருடைய பெயரையும் இங்கே போடவில்லை, குதிரைகளின் பெயரும் ஒரு தொடரின் பெயரும் மட்டும் வரும். அவை இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது.

நகைச்சுவை எழுதுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு எண்ணம் எப்போதும் வந்துவிடும்: அவர்கள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று. இவருடைய பாதையைத் தேதி வாரியாகப் பார்த்தால் அது தலைகீழாகத் தெரிகிறது. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்க நினைத்தேன்.

பின்னணி: அப்பா, அப்பாவின் சீடர், மகன்

அப்பாவும் திரைக்கதையாளர். 1967ல் எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று ஒரே புனைபெயரில் எழுதிய கொலைகாரன் படம் ஒன்று வெளிவந்தது, அந்த எட்டுப் பேரில் அப்பாவும் ஒருவர். அதில் வரும் கூலிக்கொலைகாரனுக்கு ஒரு வினோதமான பலவீனம்: சோறு வேகிற வாசனை. அரிசி கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறந்து முகத்தை அருகில் கொண்டுபோய் அவன் மூச்சை இழுப்பான். அதைக் கேமராவும் கிண்டல் செய்யாது, நடிகரும் கிண்டல் செய்ய மாட்டார். படம் புரியவில்லை என்று கோபப்பட்ட ஸ்டூடியோ, இயக்குநரை வேலையை விட்டே அனுப்பிவிட்டது, பின்னாளில் உலகம் முழுக்கத் தேடித் தேடிப் பார்க்கப்படும் படமாக அது மாறியது.

அந்த அப்பாவிடம் ஒருவர் சீடராகச் சேர்ந்தார். எழுத வருவதற்கு முன்னால் அவர் தொலைக்காட்சியில் நடனமாடிக்கொண்டிருந்தவர். குருவும் சீடரும் சேர்ந்து 1985ல் ஒரு திருடன் கதாபாத்திரத்தின் முழுநீள அனிமே படத்துக்குத் திரைக்கதை எழுதினார்கள். அப்புறம் அந்தச் சீடர் தனக்கென்று ஒரு பாணியைக் கண்டுபிடித்தார். 1996ல் அவர் முதன்மை எழுத்தாளராக இருந்த சிறுவர் சாகசத் தொடரில், வில்லன்கள் மலை போல் பெரிதாக வேண்டும் என்றால் ஏதோ ஒரு கதிர்வீச்சு வரவேண்டியதில்லை. ஊரில் உள்ள ஒரு இனிப்புக் கடையின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு யோகான் என்ற இனிப்பைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வேற்றுகிரகத்திலிருந்து வந்த அரக்கன் அதற்காக அந்தக் கடையைத் தேடி வருவான். தொடர் முழுக்க அந்த விதி மாறவே மாறாது, மாறாததால்தான் சிரிப்பு வருகிறது.

அப்பா 1993ல் இறந்துபோனார். மகன் எழுதக் கற்றுக்கொண்டது அப்பாவிடம் அல்ல, அப்பாவின் சீடரிடம். தொழில் ஒரு கை தாண்டிப்போய், திரும்ப வீட்டுக்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். சோறு வாசனையில் இருந்து கிழங்கு இனிப்பு வரைக்கும் அந்தக் கைகளில் மாறாமல் வந்தது ஒன்றுதான்: அபத்தமான பொருளைக் கையில் எடுத்தால், அதை உலகத்திலேயே முக்கியமான பொருளாக நடத்து.

எழுத்து மேசை

1990களின் பின்பாதியில் மகன் தொலைக்காட்சி அனிமேக்கு எழுத வந்தார். அங்கே ஒரு எபிசோடை எழுதுவது தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. முதல் வரைவை இயக்குநர், தயாரிப்பாளர், ஒளிபரப்பு நிலையத்து ஆள், மூல மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) பதிப்பகத்து ஆள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். இதற்கு ‘ஹோன்யோமி’ என்று பெயர். திருத்தம், மறுபடி வரைவு, மறுபடி வாசிப்பு. இதில் நகைச்சுவை எழுதுகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சோகக் காட்சி மூன்றாவது வாசிப்பிலும் சோகமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு ஜோக் மூன்றாவது வாசிப்பில் யாருக்கும் சிரிப்பு மூட்டாது. அப்போது அதை எடுத்துவிடாமல் இருக்க, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். குருவிடம் கற்ற அந்த ‘விதி’ இங்கேதான் கைகொடுக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நாற்பதில் ஒரு பங்கு (2005, 2006)

எழுத்து ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அவருக்குக் குதிரைப் பந்தயத்தில் பெரிய ஈடுபாடு. ஜப்பானில் ஒரு பந்தயக் குதிரையின் உரிமையைப் பங்குகளாகப் பிரித்து விற்கும் கிளப்கள் இருக்கின்றன. அவர் சேர்ந்திருந்த கிளப்பில் ஒரு குதிரைக்கு 40 பங்கு. பரிசுப் பணத்தில் பங்கு வரும், தீவனச் செலவிலும் பங்கு போகும். ஆனால் எந்தப் பந்தயத்தில் ஓடுவது, யார் ஓட்டுவது என்பதில் பங்குதாரருக்குக் குரல் கிடையாது. அவர் அப்படிப் பங்கு வைத்திருந்த குதிரைதான் ஹார்ட்ஸ் க்ரை.

ஹார்ட்ஸ் க்ரை ரொம்ப நாள் இரண்டாம் இடத்துக் குதிரையாகவே இருந்தது. 2004 டெர்பியில், அதாவது மூன்று வயதுக் குதிரைகளின் பெரிய பந்தயத்தில், இரண்டாவது. 2005 நவம்பரில் ஜப்பான் கோப்பையில் 2400 மீட்டரை 2 நிமிடம் 22.1 நொடியில் கடந்தும், மூக்களவு வித்தியாசத்தில் இரண்டாவது. அடுத்த மாதமே, டிசம்பர் 25 அன்று அரிமா கினென் என்ற பெரிய வருடக் கடைசிப் பந்தயம். எதிரில் டீப் இம்பாக்ட், ஏழு பந்தயம் ஓடி ஏழும் வென்ற, தோல்வியே தெரியாத குதிரை, நாடே அதைப் பார்க்கத்தான் வந்திருந்தது.

இங்கே ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். ஹார்ட்ஸ் க்ரை எப்போதும் பின்னால் இருந்து கடைசியில் பாய்ந்து வரும். அன்றைக்கு ஜாக்கி அதை ஆரம்பத்திலேயே முன்வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கடைசி நேர்ப்பாதையில் டீப் இம்பாக்ட் வழக்கம்போல் வெளிப்பக்கமாக வந்தது, ஆனால் பிடிக்க வேண்டிய தூரம் தீரவில்லை. அரைக் குதிரை நீளத்தில் ஹார்ட்ஸ் க்ரை வென்றது. டீப் இம்பாக்ட் தன் சொந்த நாட்டு மண்ணில் தோற்றது அந்த ஒரே முறைதான்.

அடுத்த மார்ச் 25, 2006. துபாய் ஷீமா கிளாசிக் பந்தயம். ஹார்ட்ஸ் க்ரை தொடக்கத்திலிருந்து கடைசி வரை முன்னாலேயே ஓடி வென்றது. நம் எழுத்தாளர் அதைப் பார்க்க நேரில் துபாய் போயிருந்தார். அங்கேதான் அந்த முடிவு: இந்தக் குதிரை தகப்பன் ஆனால், அதன் குட்டி ஒன்றுக்கு நாற்பதில் ஒரு பங்காக இல்லாமல் முழுச் சொந்தக்காரன் ஆவேன்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 4, 2006 அன்று, கின்தாமா என்ற நகைச்சுவை அனிமே தொடரின் முதல் எபிசோட் டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. அதன் திரைக்கதைக் கட்டமைப்பின் பொறுப்பு அவரிடம்.

கின்தாமாவில் எடுத்த முடிவுகள்

மூல மங்கா வாராந்திர இதழில் 2003 முதல் வந்துகொண்டிருந்தது. வாரா வாரம் ஒளிபரப்பாகும் தொடருக்கு உள்ள பெரிய ஆபத்து, மங்காவை எட்டிப் பிடித்துவிடுவது. எட்டிவிட்டால் எழுதக் கதை இருக்காது. பல தொடர்கள் இந்த இடத்தில் சொந்தமாக ஒரு கிளைக்கதையை நீட்டிக்கொண்டு போகும், பார்க்கிறவருக்கும் அது தெரிந்துவிடும்.

இங்கே குழு வேறு வழியில் போனது. முதல் இரண்டு எபிசோடுமே மங்காவில் இல்லாத, சொந்தமாக எழுதிய கதை. அப்புறம் வந்த வருடங்களில் நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தபோதெல்லாம், நேரத்தை ஓட்டுகிறோம் என்பதையே காட்சி ஆக்கினார்கள். கதாநாயகன் வீட்டின் வெளிப்புறம் ஒரே ஒரு அசையாத படம். உள்ளேயிருந்து குரல்கள் மட்டும் வரும். நிமிடக்கணக்கில் அந்த வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்போம், உள்ளே அவர்கள் பட்ஜெட்டைப் பற்றியும் அட்டவணையைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். வரைவதற்கு எந்தச் செலவும் இல்லாத காட்சி அது, எழுத்தும் குரலும் மட்டுமே தாங்கிப் பிடிக்க வேண்டியது. கூர்ந்து கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வசனமும் முந்தைய வசனத்துக்குச் சரியாகப் பதில் சொல்கிறது, யாரும் வெறுமனே உளறவில்லை. ஒருவர் அபத்தமாகச் சொல்ல, இன்னொருவர் நியாயமாகக் கோபப்பட, அந்தக் கோபத்தின் நியாயத்திலிருந்து அடுத்த அபத்தம் பிறக்கிறது. எனக்கு இந்தக் காட்சிகளைப் பார்த்துத்தான் வசனம் என்றால் என்ன என்று கொஞ்சம் புரிந்தது.

அந்த மங்காவில் ஒரு வெடிகுண்டு வரும். உருளை உடம்பு, மேலே உருண்டைத் தலை, எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். அதன் பெயர் ஜஸ்டவே. தொடரில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டும். யாரும் அதைப் பற்றி விளக்கம் சொல்ல மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

201 எபிசோட் முடிந்து, முதல் தொடர் மார்ச் 25, 2010 அன்று நின்றது. துபாய் வெற்றிக்குச் சரியாக நான்கு வருடம். நிறுத்திவிட்டு ஒரு வருடம் மங்கா முன்னேறக் காத்திருந்து, 2011 ஏப்ரலில் திரும்ப வந்தார்கள். அவசரப்பட்டுக் கதையை முடித்துவிடாமல் நிறுத்தி வைத்த இந்த முடிவு சரியானது என்றே இப்போதும் தோன்றுகிறது, ஏனென்றால் அதற்குப் பின் 2012லும் 2015லும் மறுபடி வர முடிந்தது.

குட்டி, ஏலம், பெயர்

ஜப்பானின் மத்தியப் பந்தயக் கழகத்தில் தனிநபராகக் குதிரை உரிமை பெறுவது சுலபமில்லை. இப்போதைய விதிப்படி, அடுத்தடுத்து இரண்டு வருடம் ஆண்டு வருமானம் 1.7 கோடி யென்னுக்குக் குறையக் கூடாது, சொத்து 7.5 கோடி யென்னாவது இருக்க வேண்டும். துபாயில் மனதில் சொல்லிக்கொண்ட வார்த்தையைக் காப்பாற்ற, முதலில் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். ஒரு எழுத்தாளர், அதுவும் எபிசோடுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர், தாண்டினார். வாரா வாரம் ஓடிய ஒரு தொடரின் நான்கு வருட உழைப்பு அங்கே இருக்கிறது.

ஹார்ட்ஸ் க்ரை மூச்சுக் குழாய்க் கோளாறால் 2006 கடைசியில் ஓட்டத்தை நிறுத்தி, இனப்பெருக்கத்துக்குப் போனது. அதன் இரண்டாவது வருடக் குட்டிகளில் ஒன்று மார்ச் 8, 2009 அன்று ஹொக்கைடோவில் பிறந்தது. தாய் அமெரிக்கக் குடும்பத்து வம்சம். எழுத்தாளர் அதை வாங்கினார். அவருடைய முதல் குதிரை.

பெயர் வைக்க வேண்டும். ஜப்பானிய எழுத்தில் 2 முதல் 9 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அவர் வைத்த பெயர் ஜஸ்டவே. அந்தக் குண்டின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று சாதாரணச் சொற்களாகப் பிரிந்து, ‘ஒரு வழி, அவ்வளவே’ என்பது போல் பொருள் தரும், பதிவேட்டுக்கு அது போதும். நான்கு வருடம் தானே எழுதிக்கொண்டிருந்த ஒரு அபத்தத்தை, வாழ்நாள் ஆசையாக வாங்கிய குதிரைக்கு வைப்பதில் ஆபத்து உண்டு. குதிரை சரியாக ஓடாவிட்டால் எல்லாமே வெறும் ஜோக்காகிவிடும். அவர் வைத்தார்.

காத்திருப்பு (2011 முதல் 2013 வரை)

2011 ஜூலையில் முதல் ஓட்டமே வெற்றி. 2012 பிப்ரவரியில் ஆர்லிங்டன் கோப்பைப் பந்தயத்திலும் வெற்றி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வெற்றியே இல்லை. டெர்பியில் 11வது. 2013ல் அடுத்தடுத்து மூன்று பந்தயம், மூன்றிலும் இரண்டாவது. தகப்பனைப் போலவே.

ஹார்ட்ஸ் க்ரையின் பிள்ளைகள் தாமதமாகத்தான் முதிரும் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். அப்போது பார்க்க அது இரண்டாம் இடத்துக் குதிரையாகத்தான் தெரிந்தது. இந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம்: குதிரையை மாற்றவில்லை, பயிற்சியாளரை மாற்றவில்லை, உடம்பு திரளும் வரை பொறுத்தார்கள். 2013 ஜூலையில் கின்தாமாவின் இரண்டாவது திரைப்படம் வெளிவந்தது, திரைக்கதை அவர்தான்.

அக்டோபர் 27, 2013 முதல் ஜூன் 8, 2014 வரை

டோக்கியோ மைதானம், இலையுதிர் தென்னோ ஷோ பந்தயம், 2000 மீட்டர். முந்தைய வருடம் மூன்று கிரீடமும் (மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்கள்) வென்ற பெண் குதிரை ஜென்டில்டோனா ஓடுகிறது. ஜஸ்டவே பந்தய ஆர்வலர் கணிப்பில் ஐந்தாவது. நேர்ப்பாதையில் ஜென்டில்டோனா முன்னால் வந்து, ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், வெளிப்பக்கமாக ஜஸ்டவே வந்து அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான்கு நீளம். அந்த மாதிரிப் பந்தயத்தில் நான்கு நீளம் என்பது அபூர்வம்.

2014 மார்ச் தொடக்கத்தில் நகயாமா கினென் வெற்றி. மார்ச் 29, துபாய், மெய்தான் மைதானம், துபாய் டூட்டி ஃப்ரீ, 1800 மீட்டர், மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர். எட்டு வருடத்துக்கு முன் அவர் பங்குதாரராக நின்ற அதே நகரம், கிட்டத்தட்ட அதே நாள். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு ஜஸ்டவே கிளம்பியதைக் காணொளியில் பார்த்தால் மற்ற குதிரைகள் நின்றுவிட்டனவோ என்று தோன்றும். 6¼ நீளம். 1 நிமிடம் 45.52 நொடி, பழைய சாதனையை 2 நொடிக்கு மேல் உடைத்தது. குதிரைப் பந்தயத்தில் சாதனைகள் நொடியின் பத்தில் ஒரு பங்கில் உடையும், 2 நொடி என்பதை நானே திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

ஜூன் 8ல் யசுதா கினென். மழை, மைதானம் சேறு. அதன் வேகத்துக்கு எதிரான தரை. நேர்ப்பாதையில் முன்னால் வழி அடைபட்டு, கடைசியில் வழி கிடைத்து, கிராண்ட் பிரி பாஸ் என்ற குதிரையோடு தலையும் தலையுமாக ஓடி மூக்களவில் வென்றது. துபாய் ஓட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பாரிஸ்

அடுத்தது பிரான்சின் புகழ்பெற்ற பந்தயமான ஆர்க், அக்டோபர் 5. அதே பயிற்சியாளரின் இன்னொரு குதிரை கோல்ட் ஷிப்பும் ஹார்ப் ஸ்டார் என்ற பெண் குதிரையும் கூடவே போயின. ஜஸ்டவே ஜூன் சேற்றுப் பந்தயத்துக்குப் பிறகு இடையில் ஒரு பந்தயமும் ஓடாமல் நேராக ஆர்க்குக்குப் போனது. 2400 மீட்டர், அது வென்றதெல்லாம் 1600க்கும் 2000க்கும் இடையில். எட்டாவது. நவம்பர் ஜப்பான் கோப்பையில் இரண்டாவது, டிசம்பர் அரிமா கினெனில் நான்காவது. அத்தோடு ஓட்டம் முடிந்தது, 22 ஓட்டத்தில் 6 வெற்றி. அந்த வருட உலகத் தரவரிசையில் 130 புள்ளியோடு முதலிடம், ஜப்பானில் பயிற்சி பெற்ற குதிரை ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல்முறை. அதிகாரபூர்வப் பட்டியலின் உச்சியில், ஒரு கார்ட்டூன் குண்டின் பெயர்.

எதை மாற்றியிருக்கலாம்

ஆர்க் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு, பழக்கமில்லாத தரையில், பழக்கமில்லாத தூரத்தில் நேரடியாக இறக்கியதைவிட, செப்டம்பரில் ஐரோப்பாவிலேயே ஒரு முன்னோட்டப் பந்தயம் ஓட வைத்திருக்கலாம். அல்லது ஆர்க்கையே விட்டுவிட்டு 2000 மீட்டர் பந்தயம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆர்க் மீது ஜப்பானுக்கு இருக்கும் பல வருட ஏக்கம் புரிகிறது, ஆனால் எட்டாம் இடம் அந்தக் குதிரையின் தரத்தைச் சொல்லவில்லை, தேர்வைத்தான் சொல்கிறது.

எழுத்துப் பக்கத்தில் மாறியது வேறு விஷயம், அது அவர் கையில் இல்லை. இப்போது பெரும்பாலான அனிமே 12, 13 எபிசோடில் முடிகிறது. வாரா வாரம் நான்கு வருடம் ஓடும் தொடர் அரிது. அப்படி ஓடும்போதுதான் ஒரு இளம் எழுத்தாளர் தன் குருவின் மேசையில் உட்கார்ந்து, சொதப்பி, திருத்தி, அடுத்த வாரம் மறுபடி எழுத முடியும். 12 எபிசோடில் சொதப்ப இடமில்லை, ஆகவே தெரிந்தவருக்கே வேலை போகிறது. ஒரு குண்டு முப்பதாவது தடவை வரும்போது வரும் சிரிப்புக்கு முதல் இருபத்தொன்பது தடவை வேண்டும். இன்று தொடங்கும் ஒருவருக்கு நான் சொல்வது: நீளமாக ஓடும் ஒன்றில், சின்ன இடமாக இருந்தாலும், உள்ளே போய்விடுங்கள். குழந்தைகள் தொடராக இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு

ஜஸ்டவே 2015லிருந்து தகப்பன் குதிரை. 2020 டிசம்பர் 26 அன்று அதன் மகன் டேனன் த கிட், நகயாமாவில் நடந்த ஹோப்ஃபுல் ஸ்டேக்ஸ் என்ற உயர்தரப் பந்தயத்தை வென்றது. இரண்டு வாரத்தில், ஜனவரி 8, 2021 அன்று, கின்தாமாவின் கடைசித் திரைப்படம் ஜப்பான் திரையரங்குகளில் திரையிடப்பட்டது. ஹார்ட்ஸ் க்ரை 2023 மார்ச்சில் இறந்தது, 22 வயதில்.